பினாங்குப் பொட்டலமும் ராமநாதபுரத்து லிங்சி மாத்திரையும்

இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டும் ‘சீன மூலிகை’ என்ற ஒரே பெயரைச் சொல்லித்தான் எங்கள் வீட்டுப் படியேறின. ஒன்று, பினாங்கில் உணவகத்தில் வேலை பார்க்கும் என் தம்பி அங்குள்ள சீன மருந்துக் கடை ஒன்றில் வாங்கி, விடுமுறைக்கு ஊர் வந்த சபராளி (வெளிநாட்டில் பிழைப்பவர்) ஒருவரின் பெட்டியில் கொடுத்தனுப்பிய காகிதப் பொட்டலங்கள். மற்றொன்று, ராமநாதபுரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த முகவர் ஒருவர் விற்கப் பார்த்த லிங்சி காளான் மாத்திரை. முதலாவதற்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். இரண்டாவதற்கு ஒன்றுகூடக் கிடையாது.

கீழக்கரையில் கணவரோடு சேர்ந்து மருந்துக் கடை நடத்துகிறேன். மருந்தாளுநர் பட்டயம் பெற்றவள். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பது எனக்குத் தொழில். சென்ற ஆண்டு இடது மார்பில் கட்டி தெரிந்தது. மதுரையில் திசு எடுத்துப் பார்த்ததில் புற்று என்று உறுதியானது. ஹார்மோன் ஏற்பி உண்டு, அதாவது ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோனால் வளரும் கட்டி; சில கட்டிகளை வளர்க்கும் ஹெர்-2 என்ற புரதம் மிகுதியாக இல்லை என்று அறிக்கை சொன்னது. அறுவை, கீமோ, கதிர்வீச்சு, அதன்பின் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை என்று டாக்டர் வரிசையாக எழுதிக் கொடுத்தார். அந்த வரிசையில் எதையும் கைவிடும் எண்ணம் எனக்கு எந்த நாளும் இருந்ததில்லை. கூடவே எதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் வீட்டில் பேச்சாக இருந்தது. பேசியவர்கள் அதிகம். உம்மா, மாமி, மச்சி, பக்கத்து வீட்டு லாத்தா (அக்கா), துபாயிலிருந்து தொலைபேசியில் காக்கா (அண்ணன்).

எங்கள் கரைக்குச் சீனச் சரக்கு புதிதல்ல. பக்கத்துப் பெரியபட்டினத்தில் தோண்டியபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. இன்றைக்கும் மலேசியா, சிங்கப்பூர், புருணை போய்வருகிறவர்கள் பெட்டியில் தைலமும் மூலிகைத் தேநீரும் இல்லாமல் திரும்புவதில்லை. எனக்கு நோய் என்ற செய்தி வெளியே போனதுமே பொருட்கள் வரத் தொடங்கின. ஒருவர் ‘கமாட்’ பசை கொண்டுவந்து கொடுத்தார். கடல் அட்டையிலிருந்து எடுப்பது. புண் ஆறும், புற்றும் ஆறும் என்றார். வேதாளைக்கும் மண்டபத்துக்கும் நடுவே கடல் அட்டை மூட்டையோடு பிடிபட்டவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. இங்கே பிடித்தால் சிறை, அங்கே புட்டியில் அடைத்தால் மருந்து! புட்டியை அலமாரிக்குள் வைத்துவிட்டேன், திறக்கவில்லை.

முகவர் வந்தது முதல் கீமோவுக்கு முந்திய வாரம். பணிவானவர், தேனொழுகப் பேசுகிறவர். ஒரு குப்பியில் 90 மாத்திரை, 2,400 ரூபாய். கூடவே லிங்சி கலந்த காபித்தூளும் உண்டு.

“அம்மா, இதைத் தொடங்கிவிட்டால் கீமோவே தேவைப்படாது. உடம்பில் உள்ள விஷமெல்லாம் வெளியேறிவிடும். மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்” என்றார். உறுப்பினராகச் சேர்ந்து மற்றவர்களுக்கு விற்றால் எனக்கும் கமிஷன் கிடைக்குமாம். நோயாளியையே விற்பனையாளராக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவருக்கு வியாபாரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

குப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஊட்டச்சத்துப் பொருளாக விற்கப்படுவதில் அந்த வாசகம் இருந்தாக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதாவது, நிறுவனமே இது மருந்தல்ல என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. முகவர்தான் மருந்து என்கிறார். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். திண்ணையில் உட்கார்ந்து வாயால் சொன்னால் யார் பிடிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

உள்ளடக்கப் பட்டியலில் முதலில் லிங்சி, அதன்கீழ் ‘மூலிகைக் கலவை’. என்ன மூலிகை, எவ்வளவு என்று கேட்டேன். “அது கம்பெனி ரகசியம் அம்மா” என்றார். என்னைப் பொறுத்தவரை பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. லிங்சி மீது எனக்குப் பகை இல்லை. சீனர்கள் நூற்றாண்டுகளாக மதிக்கும் காளான் அது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு அதைப் பற்றி வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தபோது தேறியவை ஐந்துதான், அவற்றில் 373 பேர். புற்றுநோய்க்கு முதன்மைச் சிகிச்சையாக அதைக் கொடுக்கப் போதிய ஆதாரம் இல்லை, வழக்கமான சிகிச்சையோடு துணையாகக் கொடுப்பதை வேண்டுமானால் யோசிக்கலாம் என்பதே அவர்கள் முடிவு. என் பயம் அந்தப் பெயரில்லாத கலவையைப் பற்றியது. பி.சி.ஸ்பெஸ் என்று எட்டு மூலிகைகள் சேர்ந்த ஒரு மாத்திரை அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுக்கு ஓகோ என்று விற்றது. சோதித்தபோது இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும், டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனும் கலந்திருப்பது தெரிந்து 2002இல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னுடையதோ ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளரும் கட்டி. குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாதவரிடம் அதை எப்படி ஒப்படைப்பது?

கீமோ வேண்டாம் என்று அவர் சொன்னதற்கும் ஒரு பதில் சொல்லி அனுப்பினேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களின் பதிவேடுகளை எடுத்து, சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மார்பகப் புற்றில் மறுத்தவர்களின் இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல். முகவர் “அதெல்லாம் மருந்து கம்பெனிக்காரர்கள் எழுதுவது” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மருந்துக் கடைக்காரியிடம் வந்து சொல்கிறார்!

இனி பினாங்குக் கடை. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

தம்பி முதலில் கடைக்குப் போய், “என் லாத்தாவுக்கு மார்பில் புற்று, ஏதாவது கொடுங்கள்” என்று மலாயில் கேட்டிருக்கிறான். உள்ளேயிருந்த மருத்துவர், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட சீன அம்மையார், ஒன்றும் கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். திசு அறிக்கை, எந்தெந்த கீமோ மருந்து, என்ன தேதிகளில், வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறாள், இரத்த அணு எண்ணிக்கை, நாக்கின் புகைப்படம். இவ்வளவும் கொண்டுவா என்றாராம். அனுப்பினேன். நாக்கைப் படமெடுத்து அனுப்பும்போது என் மகள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நாடி பிடித்துப் பார்க்க முடியாதவளுக்கு முழு மருந்து எழுத மாட்டேன், சமையலில் சேரும் சரக்குகளை மட்டும் தருகிறேன், அதையும் உன் லாத்தாவின் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் கொதிக்க வைக்க வேண்டும் என்றார். தம்பிக்கு ஏமாற்றம்; எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. மலேசியாவில் 2016இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. மரபு மருத்துவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த அம்மையாரின் சான்றிதழ் கல்லாவுக்கு மேலே சட்டமிட்டு மாட்டியிருந்ததைத் தம்பி படமெடுத்து அனுப்பினான். அதே பினாங்கு மாநிலத்தில் கெப்பாலா பத்தாஸ் அரசு மருத்துவமனையில் அக்குபங்சரும் மூலிகையும் அலோபதியோடு ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. நம் நாட்டில் சித்தாவுக்கும் ஆயுர்வேதத்துக்கும் அமைச்சகம் இருக்கிறது. சீன மூலிகைக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. அதனால்தான் இங்கே அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விற்கிறார்கள்.

பொட்டலத்துக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஒன்று, பழுப்புக் காகிதத்தில் மடித்து நூலால் கட்டியது. ஒன்றின் விலை 18 ரிங்கிட். மேலே ஒட்டிய சீட்டில் ஒவ்வொரு சரக்கின் பெயரும் சீன எழுத்தில், பக்கத்தில் தாவரவியல் பெயர், அதன் பக்கத்தில் கிராம் கணக்கு. சிவப்பு இலந்தை, கோஜிப் பழம், காய்ந்த ஆரஞ்சுத் தோல், இஞ்சி, சீன வள்ளிக்கிழங்கு, அஸ்ட்ராகலஸ் வேர், அதிமதுரம். ஏழே ஏழு. இந்தச் சீட்டுக்காகவே மூன்று நட்சத்திரம் கொடுப்பேன். மதுரை டாக்டரின் மேசையில் அதை வைத்தபோது, மூலிகை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். படிக்க ஏதோ இருந்ததால் படித்தார்.

படித்துவிட்டு இரண்டை அடித்தார். அஸ்ட்ராகலஸ் நோய் எதிர்ப்பைத் தூண்டுவது. சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து உடம்பில் ஓடும்போது அது குறுக்கே வர வேண்டாம் என்றார். அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நானோ அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். கோஜியை எனக்கு விட்டுவைத்தார். ஆனால் எங்கள் மாமிக்கு இதய வால்வு மாற்றி வார்ஃபரின் நடக்கிறது. கோஜி வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். எனவே என் பானையிலிருந்து மாமிக்கு ஒரு மடக்குகூடப் போகக் கூடாது என்று அடுப்படியில் எழுதி ஒட்டினேன். நம் வீடுகளில் ஒருவருக்குக் காய்ச்சினால் நான்கு பேர் குடிப்பார்கள். உடம்புக்கு நல்லது என்றால் ஐந்தாவதாகப் பூனைக்கும் ஊற்றுவார்கள்.

அடித்த இரண்டையும் நீக்கித் தரச் சொல்லித் தம்பி கடைக்குப் போனபோது அந்த அம்மையார் கோபித்துக்கொள்ளவே இல்லையாம். புதுச் சீட்டு அச்சடித்து, விலையைக் குறைத்து, கட்டிக் கொடுத்துவிட்டார். இதுதான் சேவை. அவரே முதலிலிருந்து தவிர்த்த சரக்குகள் வேறு இருக்கின்றன. டாங் குவாய் என்ற வேர், பெண்களுக்கான மருந்து என்று சீனக் கடைகளில் முதலில் எடுத்துத் தருவது. ஆய்வுக்கூடத்தில் மார்பகப் புற்று அணுக்களை அது வளரத் தூண்டியிருக்கிறது. ஹார்மோன் ஏற்பி உள்ளவளுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஜின்செங்கும் கிடையாது. ஹுவாங் லியன் என்ற கசப்பு வேரும் கிடையாது. அதிலுள்ள பெர்பெரின், டமாக்சிஃபெனை உடம்பு செயல்படும் வடிவத்துக்கு மாற்ற உதவும் நொதியைத் தடுக்கக்கூடியது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மரமஞ்சளிலும் அதே பெர்பெரின்தான். சீன மூலிகைக்குப் பயந்து மரமஞ்சள் கஷாயம் குடிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இன்னும் ஒன்று. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் சுமார் நூறு பேருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஸ்டெபானியா வேருக்குப் பதில் அரிஸ்டோலோகியா வேர் மாறி வந்துவிட்டதுதான் காரணம். அவர்களில் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றும் வந்தது. அந்த அரிஸ்டோலோகியா அமிலம் சீனாவுக்கு மட்டும் சொந்தமில்லை. நம் முகவை (ராமநாதபுரம்) மாவட்டத்துக் காய்ந்த காட்டிலும் கரம்பிலும் படர்ந்து கிடக்கும் ஆடுதின்னாப்பாளை அந்தக் குடும்பம்தான். ஆடே தின்னாது என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பாம்புக்கடிக்கும் பூச்சிக்கும் என்று மனிதனுக்குத்தான் கொடுக்கிறார்கள்.

காய்ச்சும் முறை நம் கஷாயத்தைவிடக் கொஞ்சம் நீளம். இரும்பிலும் அலுமினியத்திலும் கூடாது. உம்மாவின் மண்சட்டிதான் வேலைக்கு வந்தது. அரைமணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறப்போட்டு, ஒருமுறை கொதிக்க வைத்து வடித்து, அதே சக்கையில் மறுபடி நீர்விட்டுக் கொதிக்க வைத்து, இரண்டையும் கலந்து காலையும் மாலையும் பாதிப் பாதி. நிறம் கருப்பட்டிக் காபி போல. சுவை? இலந்தையின் இனிப்பு முதலில், ஆரஞ்சுத் தோலின் காட்டம் பின்னால். கசப்பே இல்லை. கீமோ நாட்களில் நாக்கில் உலோகச் சுவை ஏறி நோன்புக் கஞ்சி தவிர வேறெதுவும் இறங்காதபோதுகூட இது இறங்கியது. வள்ளிக்கிழங்குத் துண்டுகளை உம்மா எடுத்துக் கஞ்சியில் போட்டுவிடுவார். அதுவும் நன்றாகவே இருந்தது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். கீமோவில் சிவப்பு நிற மருந்து ஏறிய மறுநாள் குமட்டல் கடுமையாக இருக்கும். அப்போது குமட்டலுக்கு டாக்டர் கொடுத்த ஆன்டான்செட்ரானும் டெக்ஸாமெதசோனும் சாப்பிட்டுக்கொண்டுதான் இதையும் குடித்தேன். இஞ்சிக்கு மட்டும் தனிச் சாட்சியம் உண்டு: அமெரிக்காவில் 576 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் நாளுக்கு அரை முதல் ஒரு கிராம் இஞ்சி, வழக்கமான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தபோது குமட்டலைக் குறைத்தது. எனக்கும் வயிறு கொஞ்சம் அமைதியாக இருந்தது. அந்தப் பெருமையை இஞ்சிக்கே கொடுக்கிறேன். இஞ்சிக்காகப் பினாங்குவரை போக வேண்டியதில்லை என்று கணவர் சொன்னதும் நியாயமே. வெள்ளணு எண்ணிக்கை சரிந்து பிறகு ஏறியதை உம்மா இலந்தையின் கணக்கில் எழுதிவிட்டார். ஏற்றியது கீமோவுக்கு மறுநாள் போட்ட ஊசி. அதை நானே என் கடைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், எனக்குத் தெரியாதா? மார்பகப் புற்றுக்கான கீமோவின் பக்கவிளைவுகளுக்குச் சீன மூலிகை உதவுமா என்று காக்ரேன் குழு 2007இல் பார்த்தது. கிடைத்தவை ஏழு ஆய்வுகள், 542 பெண்கள், ஏழும் சீனாவில் நடந்தவை. ஆதாரம் குறைவு என்று எழுதிவிட்டார்கள். அதற்குமேல் இந்தப் பொட்டலத்திடம் நான் எதிர்பார்க்கவில்லை.

சீன மருத்துவத்தை ஒட்டுமொத்தமாகக் கேலி செய்யும் என் கணவருக்கும் ஒரு வார்த்தை. ஒருவகை இரத்தப் புற்றுக்கு இன்று உலகமெங்கும் கொடுக்கும் ஆர்செனிக் ட்ரை ஆக்சைடு சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் பழைய நாட்டு வைத்தியத்திலிருந்து எடுத்தது. எனக்கு வாரந்தோறும் ஏற்றிய பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்துகூட யூ மரப்பட்டையில் முதலில் கண்டதுதான். இரண்டுமே எத்தனை மில்லிகிராம் என்று அளந்த பிறகே நோயாளியின் நரம்புக்குள் போகின்றன.

கடையில் குறை இல்லாமல் இல்லை. ஒரு நட்சத்திரத்தை எதற்குப் பிடித்துக்கொண்டேன் என்றால், பொட்டலம் காகிதம். கடற்கரை ஊரில் காகிதம் நிற்காது. கொண்டல் காற்று வீசிய ஐப்பசியில் இரண்டாம் தவணையாக வந்தவற்றில் ஆரஞ்சுத் தோலில் வெண்பூஞ்சை பிடித்துவிட்டது. கழுவிக் காயவைத்தால் போதும் என்றார் மாமி. வெள்ளணு இல்லாத உடம்புக்குப் பூஞ்சை சாதாரண விஷயமில்லை. கட்டோடு குப்பையில் போட்டேன். காற்றுப் புகாத உறையில் கட்டித் தரச் சொன்னோம். அடுத்த முறை அப்படியே வந்தது. ஆனாலும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டாமா? பினாங்கும் கடல் சூழ்ந்த தீவுதானே. அடுத்து, சீட்டில் காய்ச்சும் முறை சீனத்திலும் மலாயிலும் மட்டும். தம்பி தொலைபேசியில் சொல்லச் சொல்ல மகள் எழுதி எடுத்தாள். அப்படி ஆள் இல்லாதவர்கள் திண்டாட வேண்டியதுதான்.

காய்ச்சல் பற்றிச் சீட்டின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. மலாய்தான், தம்பி படித்துச் சொன்னான். சூடு 38 டிகிரியைத் தொட்டால் கஷாயத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போ. நம்மூர்க் கணக்கில் 100.4. ஒரு முறை ராத்திரி அப்படித் தொட்டது. ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று கார் பறந்தது. மதுரையில் இரத்தம் எடுத்துப் பார்த்து நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றிய டாக்டர் முதலில் கேட்டது மூலிகைச் சீட்டைத்தான். கைப்பையில் இருந்தது, கொடுத்தேன். குப்பி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த நேரத்தில் எதைக் கொடுப்பார்கள்?

கையில் அழுத்தும் முறை ஒன்றையும் அந்த அம்மையார் காணொளியில் காட்டினார், காசு வாங்கவில்லை. மணிக்கட்டு ரேகைக்கு மூன்று விரல் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்துவது. நெய்குவான் என்று பெயர். அறுவை செய்த பக்கத்துக் கையில் வேண்டாம், வலக்கையில் மட்டும் என்று அவராகவே சொன்னார். பஸ் பயணத்தில் இது எனக்குக் கஷாயத்தைவிட உதவியது. ஊசி குத்தும் அக்குபங்சர் இரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

கதிர்வீச்சு முடிந்து டமாக்சிஃபென் தொடங்கியதும், இனி என்ன தருவார் என்று கேட்கத் தம்பியை அனுப்பினேன். புது மாத்திரையின் பெயரை எழுதி வாங்கிப் படித்தவர், இதோடு ஒன்றும் தேவையில்லை, நன்றாகச் சாப்பிடட்டும், நடக்கட்டும் என்று அனுப்பிவிட்டாராம். தம்பிக்கு மனம் கேட்காமல் இலந்தைப் பொட்டலமாவது கொடுங்கள் என்று நின்றிருக்கிறான். அது பக்கத்து மளிகைக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றாராம்.

பினாங்கில் ஆள் இருப்பவர்கள் போகலாம். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், அஞ்சலில் அனுப்ப மாட்டார்கள். திசு அறிக்கையும் கீமோ தாளும் இல்லாமல் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள்.